பின் இருக்கையில் ஒரு வெள்ளை ஆந்தை

"வெள்ளை ஆந்தை. பாடம் செய்யப்பட்டது. மிக நல்ல நிலை. சாப்பாடு கேட்காது, இரவில் அலறாது. மரத் தாங்கியும் சேர்த்து."

என் வாழ்நாளில் நான் எழுதி, முன்பின் தெரியாதவர்கள் ஆர்வத்தோடு வாசித்த ஒரே எழுத்து இதுதான். தமிழில் எழுதி, மொழிபெயர்ப்புச் செயலியிடம் கொடுத்து, அது பிரெஞ்சில் கக்கியதை அப்படியே இணையத்தில் விளம்பரமாகப் போட்டேன். 'சாப்பாடு கேட்காது' என்ற இடத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் கட்டாயம் ரசிப்பார்கள் என்று எண்ணி, பேருந்தில் எல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டு திரிந்தேன்.

விளம்பரத்தின் கீழே இருந்தது என் பெயர் அல்ல. என் மகளின் பெயர். தொலைபேசி எண்ணும் அவளுடையது.

இதில் எனக்கு அப்போது ஒரு பிழையும் தெரியவில்லை. மொன்றியலுக்கு வந்து என் தலைமுடி வெளுத்து, வெளுத்த முடியும் உதிர்ந்துவிட்டது. பிரெஞ்சு மட்டும் வந்து சேரவில்லை. புவாண்ட்-கிளேரில் நான் வேலை பார்க்கும் கிடங்கில் பெட்டி தூக்குவதற்கு முதுகு போதும், மொழி வேண்டாம். மற்ற எல்லாவற்றுக்கும் மகள் இருந்தாள். எங்கள் வீடுகளில் இது ஊரறிந்த வழக்கம்: பிரெஞ்சு படிக்கும் மூத்த பிள்ளைதான் குடும்பத்தின் வெளிவிவகார அமைச்சர். அலுவலகக் கவுண்டரில் மூக்கு எட்டாத வயதில் நுனிக்காலில் நின்று, "என்ர அப்பா கேக்கிறார்..." என்று தொடங்கியவள் அவள். வளர்ந்ததும் கரண்ட் பில், இணைய இணைப்பு, பல் டொக்டர், தளபாடக் கடை எல்லாம் அவள் பெயருக்கு மாறின. என் பெயரில் இருந்தவை சாரதி அனுமதிப்பத்திரமும் கொழுப்பும்தான்.

ஆகவே ஆந்தையும் இயல்பாகவே அவள் கணக்கில் ஏறியது.

ஆந்தை எங்களுக்கு வீட்டோடு வந்தது. லவாலில் ஒரு பழைய வீடு வாங்கினோம். முன்பு இருந்த கிழவர் முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார்; பிள்ளைகள் வந்து நல்ல சாமான்களை எடுத்துக்கொண்டு மிச்சத்தை எங்களுக்கு விட்டுப் போயிருந்தார்கள். சாவி கிடைத்த அன்று பேஸ்மன்டில், அதாவது நிலத்துக்கு அடியில் இருக்கும் அறையில், அலுமாரியைத் திறந்த என் மனைவி போட்ட சத்தத்தில் நான் அங்கே இறங்கும் படியில் வழுக்கி, இருந்த இருப்பிலேயே கீழே வந்து சேர்ந்தேன்.

"இஞ்சருங்கோ! உள்ளுக்கு ஒண்டு இருந்து பாக்குது!"

முழங்கால் உயரம். பனி நிறம், இடையிடையே கறுப்புக் கோடுகள். மஞ்சள் கண்ணாடிக் கண்கள். இந்த மாகாணத்தின் சின்னமாக இருக்கும் பறவை அது என்பதை நான் பின்னர்தான் அறிந்தேன். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் அது என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, நான் தரையில் இருக்கிறேன் என்பதே.

"புது வீட்டுக் குடிபூரலுக்கு நாள் வச்சாச்சு," என்றாள் மனைவி. "பால் காய்ச்சேக்க வீட்டுக்குள்ள ஆந்தை இருக்கேலாது. ஐயர் கண்டாரெண்டா வாசலோட திரும்பிப் போயிடுவார்."

"செத்த ஆந்தை தானே. அலறாது."

"உயிரோட இருந்தா பறந்தாவது போயிருக்கும். இது போகாது."

சரி, குப்பையில் போடுவோம் என்றால் அதற்கும் அவள் சம்மதிக்கவில்லை. உயிர் இருந்த பொருள், பாவமாம். நாங்கள் அப்போது குடியிருந்த வாடகை வீட்டுக்கும் கொண்டுவரக் கூடாது. மிஞ்சியது என் கார்.

அப்படித்தான் ஆந்தை பின் இருக்கையில் குடியேறியது. பிரேக் பிடித்தால் குப்புற விழுகிறது என்பதால் பெல்ட் போட்டுவிட்டேன். அதோடு வேலைக்குப் போய் வந்தேன். கிடங்கில் என்னோடு வேலை செய்யும் யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவன் கார்க் கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்தான்.

"அண்ணை, உவருக்கும் ஷிப்ட் இருக்கோ?"

"சூப்பர்வைசர். கண்ணை மூடாமல் பாக்கிறாரெல்லோ."

அன்று முழுக்கக் கிடங்கே சிரித்தது. நான் போட்ட எல்லாப் பகிடிகளிலும் பெரிய வெற்றி அதுதான். வெற்றி கண்டவனுக்கு நாக்கு நீளும். பகலில் பகிடி, மாலையில் விளம்பரம்.

மகள் அந்த நாட்களில் வீட்டில் இல்லை. வடக்கே ஏதோ ஏரியில் மீன்களைப் பிடித்து அளந்து திரும்ப விடும் வேலைக்குச் சில வாரங்கள் போயிருந்தாள். அங்கே தொலைபேசி எடுத்தால் எடுக்கும், விட்டால் விடும். வீட்டு டப்லெட்டில் அவளுடைய கணக்கு எப்போதும் திறந்தே கிடக்கும். நான் அதில்தான் விளம்பரத்தைப் போட்டேன். வருகிற செய்திகளுக்கும் அவளாக இருந்து நானே பதில் எழுதினேன்.

வந்தவற்றில் ஒன்று வித்தியாசமாக இருந்தது. எழுதியவர் விலை கேட்கவில்லை. இந்தப் பறவையை விற்பது சட்டப்படி குற்றம், விளம்பரத்தை எடுத்துவிடுங்கள் என்று மரியாதையாக எழுதியிருந்தார்.

இங்கேதான் என் அறிவு வேலை செய்தது. நான் பிறந்து வளர்ந்த இடத்தில் ஒரு சாமானை வாங்க விரும்புகிறவன் அதைப் புகழ மாட்டான். மாம்பழம் வண்டு குத்தியது என்பான், சைக்கிள் களவெடுத்ததோ என்பான். குறை சொல்கிறவன்தான் வாங்கப் போகிறவன். பார்த்தேன்: மனுசன் சட்டம் கதைத்து விலையைக் குறைக்கப் பார்க்கிறார். மெத்தப் பெரிய ஆள்! நானும் விட்டுக்கொடுக்கவில்லை. சற்றுக் குறைத்து ஒரு விலை அனுப்பினேன், கீழே சிரிக்கும் முகம் ஒன்றும் போட்டேன்.

அவர் மீண்டும் அதையே எழுதினார். இந்த முறை மரியாதை குறைவு.

சரி, சட்டம் என்று ஒன்று இருந்துதான் தொலைத்தாலும், அதற்கும் என்னிடம் வழி இருந்தது. விளம்பரத்தை மாற்றினேன்: "அழகிய மரத் தாங்கி விற்பனைக்கு. தாங்கியை வாங்குவோருக்கு மேலே இருக்கும் ஆந்தை இலவசம்." அதை எழுதி முடித்தபோது ஒரு சட்டத்தரணியை இந்த உலகம் கிடங்கில் வைத்து வீணாக்கிவிட்டதே என்று உண்மையாகவே நினைத்தேன்.

மகள் வேலை முடிவதற்கு முன்பே திரும்பி வருவதாகச் செய்தி அனுப்பினாள். காரணம் எழுதவில்லை. டவுன்டவுனில் பேருந்து நிலையத்துக்குப் போய் அவளை ஏற்றினேன். பையை வைக்கப் பின்கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"பயமெண்டா முன்னுக்கு ஏறு பிள்ளை," என்றேன். "அவர் பெல்ட் போட்டிருக்கிறார், ஒண்டும் செய்யமாட்டார்."

அவள் சிரிக்கவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் ஏறினாள். கார் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் கேட்டாள்.

"என்ர பேரில இதையோ விக்கப் போட்டனீங்கள்?"

"இன்னும் விக்கேல்லை. ஒருத்தர் வில்லங்கம் பிடிச்ச ஆள். விலையைக் குறைக்கச் சட்டம் கதைக்கிறார். நான் விடேல்லை."

"அப்பா, அது சட்டந்தான்."

"தெரியும், தெரியும். அதுக்குத்தான் தாங்கியை விக்கிறன். ஆந்தை சும்மா."

அவள் தலையை இருக்கையில் சாய்த்துக் கண்களை மூடிக்கொண்டாள். பிறகு, ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னாள். ஆந்தை, பருந்து, வல்லூறு எதையும் விற்க முடியாது. பாடம் செய்தது பழையதா, பறவை காரில் அடிபட்டுச் செத்ததா, நாங்கள் கொல்லவில்லையே என்பதெல்லாம் பேச்சில்லை. வைத்திருப்பதற்கே அது எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தெரிய வேண்டும். குற்றமாவதற்கு ஒருவன் காசு தர வேண்டும் என்றுகூட இல்லை, விற்பனைக்கு என்று போட்டாலே போதும்.

"தாங்கிக் கதை அதைவிட மோசம்," என்றாள். "தெரியாமல் செய்ததெண்டு இனிச் சொல்லேலாது. பிழையெண்டு தெரிஞ்சு சுத்தி வளைச்சதெண்டு நீங்களே எழுதிக் குடுத்திருக்கிறியள். அதுவும் என்ர பேரில."

"இதெல்லாம் உனக்கு என்னண்டு தெரியும்?"

கேட்டுவிட்டேன். வாயிலிருந்து அது வெளியே போவதைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"மூண்டு வருசம் இதைத்தான் அப்பா படிச்சனான்."

இந்த இடத்தில் நான் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் மகள் படித்தது காடு, விலங்கு, நீர்நிலை பற்றிய படிப்பு. அவள் சேர விரும்பியது காட்டு விலங்குகளைப் பாதுகாக்கும் அதிகாரிகளின் பயிற்சியில். சீருடை போட்டு, காடுகளிலும் ஏரிகளிலும் வேட்டைக்காரர்களைச் சோதிப்பவர்கள் அவர்கள். சோதனை எழுதிச் சித்தியடைந்திருந்தாள், நேர்முகமும் முடிந்திருந்தது. ஆள் எப்படிப்பட்டவள் என்று விசாரிக்கும் கடைசிக் கட்டம் மட்டும் பாக்கி. இவ்வளவும் அவள் எங்களுக்குச் சொல்லியிருந்தாள். நான் அதில் ஒரு பகிடியை மட்டும் எடுத்துக்கொண்டேன். "எங்கட பிள்ளை மானுக்கு டிக்கெட் எழுதப் போகுது" என்று கலியாண வீடு, பிறந்தநாள் எல்லாவற்றிலும் சொல்லிச் சொல்லித் தேய்த்தேன். முதலில் அவளும் சிரித்தாள். எப்போது நிறுத்தினாள் என்று எனக்குத் தெரியாது. சபையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவளை அல்ல.

"அவை எனக்கு மெசேஜ் விட்டிருக்கினம்," என்றாள். "அந்த ஒஃபிஸில இருந்துதான். உங்கட வில்லங்க ஆள் எல்லாத்தையும் அங்க அனுப்பியிருக்கிறாராம். விளம்பரத்தைப் பற்றிக் கதைக்கவேணுமாம். நான் சேரப்போற இடம் அப்பா அது."

பின் கண்ணாடியில் ஆந்தையின் முகம் தெரிந்தது. நான் கண்ணாடியைத் திருப்பிவிட்டேன்.

"நீயே ஒருக்கா எடுத்து வடிவாச் சொல்லிவிடன்," என்றேன். "உனக்கெண்டா நல்லாக் கதைக்க வரும்."

"இல்லை. நான் கதைச்சா அது என்ர விஷயம். நீங்கள் கதைச்சாத்தான் உங்கட விஷயம். இந்தமுறை நான் கதைக்கமாட்டன்."

வீட்டில் மனைவி இதைக் கேட்டு, ஆந்தையின் வேலைதான் என்றாள். அவள் முதலே சொன்னாளாம். பாவம் ஆந்தை, அது பெல்ட் போட்டுப் பேசாமல்தான் இருந்தது. பேசியவன் நான். மனைவிக்கும் அது விளங்காமல் இல்லை. அன்று சாப்பாடு போடும்போது, "பறவைக்குத் தாங்கி இருக்கு, உங்கட வாய்க்குத்தான் ஒரு மூடி இல்லை" என்று மட்டும் சொன்னாள்.

அலுவலகத்துக்கு மூன்று பேர் போனோம்: நான், மகள், ஆந்தை. ஆந்தையை நான் தூக்கினேன். அத்தனை பெரிய பறவை ஓர் இடியப்பத் தட்டின் பாரம்கூட இல்லை. உள்ளே ஒரு கவுண்டர். மகள் சுவரோரக் கதிரையில் போய் இருந்தாள். கவுண்டர் எனக்கு நெஞ்சளவுதான் இருந்தது, ஆனாலும் நான் நுனிக்காலில் நிற்பதை உணர்ந்து குதிகாலைக் கீழே வைத்தேன்.

வந்த அதிகாரி ஒரு பெண். மகளைவிடச் சில வயது மூத்தவளாக இருக்கலாம். அவளுடைய சீருடையை நான் பார்க்கவில்லை. என் மகள் அதைப் பார்ப்பதைத்தான் பார்த்தேன்.

"போன்ஜூர்" என்பது வரை என் பிரெஞ்சு நன்றாக ஓடியது. இரண்டு நாள் கண்ணாடியின் முன் பாடமாக்கிய வசனங்களை எடுத்தேன். விளம்பரம் நான். எழுதியது நான். மகளுக்குத் தெரியாது. மகள் ஏரியில் இருந்தாள். கடைசி வசனத்தைக் கேட்டு அதிகாரி புருவத்தை உயர்த்தியபோது, மகள் ஏரிக்கு உள்ளே இருக்கவில்லை, பக்கத்தில் இருந்தாள் என்று கைகளால் நீந்திக் காட்டித் திருத்தினேன்.

மொழிபெயர்க்க மகளைக் கூப்பிடலாமா என்று அதிகாரி கேட்டாள். திரும்பிப் பார்த்தேன். மகள் சுவரில் இருந்த மீன் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நோன்," என்றேன்.

பிறகு அதிகாரி கணினித் திரையை என் பக்கம் திருப்பி, விளம்பரத்தையும் அந்த ஆளுக்கு நான் அனுப்பிய பதிலையும் உரக்க வாசித்தாள். மெதுவாக, எனக்கு விளங்க வேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு சொல்லாக. சாப்பாடு கேட்காது. இரவில் அலறாது. என் பகிடி ஒரு நீதிமன்றக் குரலில் திரும்பி வந்ததை நான் தலை குனிந்து கேட்டேன். பதிலின் கீழே இருந்த சிரிக்கும் முகத்தை வாசிக்க முடியாது என்பதால் அதை விரலால் தொட்டுக் காட்டினாள்.

பிறகு ஒரு கேள்வி கேட்டாள். சின்னக் கேள்வி. அதில் இருந்த எல்லாச் சொல்லும் எனக்கு விளங்கியது.

ஏன் உங்கள் மகளின் பெயரில்?

பாடமாக்கிய வசனங்களில் இதற்குப் பதில் இல்லை. தமிழிலும் இல்லை. என்னுடைய பெயரில் போட எனக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை. அதைப் போய் எந்த மொழியில் சொல்வது? "எங்கள் வீட்டில் எல்லாம் அவள்," என்றேன். கரண்ட் அவள், இணையம் அவள், டொக்டர் அவள். சொல்லச் சொல்ல விரல்கள் மடிந்துகொண்டே போயின. ஒரு கை முடிந்து மறு கைக்குப் போனபோது நிறுத்தினேன். அதிகாரி என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் இருந்த கதிரையைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

விஷயத்தை என் பெயரில் எழுதிக்கொள்வதாகச் சொன்னாள். தண்டம் வரும். ஆந்தை இங்கேயே இருக்கும். மகளின் விண்ணப்பம் பற்றி நான் கேட்டபோது, அது தன் கையில் இல்லை, கேட்டதைக் கேட்டபடி எழுதுவேன், அவ்வளவுதான் என்றாள்.

வெளியே வந்து காரில் ஏறியதும் பழக்கதோஷத்தில் பின்னால் பார்த்தேன். வெறும் பெல்ட்.

"ஆளில்லாமல் பாழாக் கிடக்கு. ஒரு மாதிரி நல்ல மனுசன் அவர்," என்றேன்.

"அது பெட்டை அப்பா," என்றாள் மகள். "அந்தக் கறுப்புக் கோடுகள் பெட்டைக்குத்தான் உவ்வளவு இருக்கும். நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லை."

தண்டக் கடிதம் வந்த அன்று தபால்பெட்டியைத் திறந்தவள் அவள். வழக்கமாகப் பிரெஞ்சுக் கடிதம் என்றால் நான் பெயரையும் பார்க்காமல் அவள் மேசையில் வைப்பேன். இந்த முறை அவள் அதை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "உங்களுக்கு," என்றாள். அகராதியை வைத்துக்கொண்டு சோறு ஆறும்வரை வாசித்தேன்.

அவளுக்கு வந்த கடிதத்தை அவளே வாசித்தாள். விசாரணை முடிய வேண்டிய நாளுக்குள் முடியவில்லை. அந்த முறைக்கான இடங்கள் நிரம்பிவிட்டன. விரும்பினால் அடுத்த முறை மீண்டும் விண்ணப்பிக்கலாம், எல்லாவற்றையும் முதலிலிருந்து. அவள் அழவில்லை, கதவை அடிக்கவில்லை. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து நான் அறிந்த அதே முகத்தோடு கடிதத்தின் சாரத்தை எங்களுக்குத் தமிழில் சொன்னாள். அதையும் அவள்தான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

குடிபூரல் நல்லபடி நடந்தது. பால் பொங்கியது, ஐயர் வாசலோடு திரும்பவில்லை. பூசை முடிந்து வாழையிலைகள் எடுத்த பிறகு, கிடங்குத் தம்பி பேஸ்மன்டில் பத்துப் பதினைந்து பேரைச் சேர்த்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டான்.

"அண்ணை, ஆந்தைக் கதையை ஒருக்கா எடுத்துவிடுங்கோ! இவை நம்பினம் இல்லை."

எடுத்துவிட்டேன். நான் படியில் வழுக்கியது, பெல்ட், சூப்பர்வைசர், சாப்பாடு கேட்காது. தாங்கிக்கு ஆந்தை இலவசம் என்ற இடத்தில் ஒருவர் பாயாசம் மூக்கில் ஏறித் திணறினார். நான் எழுந்து நின்று ஆந்தை மாதிரித் தலையைத் திருப்பிக் காட்டினேன். திருப்பிய இடத்தில் மகள் வடைத் தட்டோடு நின்றாள்.

"பேந்து என்ன நடந்தது அண்ணை?" என்றான் தம்பி.

"மிச்சத்தையும் சொல்லுங்கோ அப்பா," என்றாள் அவள். குரலில் குத்தல் இல்லை. உண்மையாகவே கேட்டாள்.

ஊரெல்லாம் மூடச் சொன்ன வாய் அன்று தானாக மூடிக்கொண்டது. "பேந்தென்ன, அவை வந்து கொண்டு போயிட்டினம்," என்று முணுமுணுத்து, ஒரு வடையை எடுத்துக் கடித்தேன். எல்லோரும் இன்னொரு தரம் சிரித்தார்கள். அவள் தட்டை அடுத்தவருக்கு நீட்டினாள்.

அன்று அந்தப் பேஸ்மன்டில் சொல்லாமல் விட்ட மிச்சம்தான் இது.

அவள் திரும்ப விண்ணப்பித்திருக்கிறாள். அதில் கொடுத்த எண் அவளுடைய தொலைபேசி எண். அந்த எண்ணை நான் இப்போது வேறு எதற்கும் கொடுப்பதில்லை. கரண்ட் கணக்கை என் பெயருக்கு மாற்ற ஒரு முழு மத்தியானம் தொலைபேசியில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். பீட்சா வாங்கினாலும் என் எண்தான். கொண்டுவருகிறவன் பிரெஞ்சில் ஏதோ கேட்கிறான். நான் "உய், உய்" என்று ஆமாம் போடுகிறேன். பீட்சா பக்கத்து வீட்டு வாசலில் இறங்குகிறது. சோபாவில் இருக்கும் மகள் அதை ஜன்னலால் பார்க்கிறாள், எழும்புவதில்லை. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நானே போய்க் கதவைத் தட்டுகிறேன்.